ஒன்பதாவது வளைவில் வண்டியை நிறுத்துபவர்களுக்கு ஒரு மடல்

வால்பாறை பார்க்க ஆழியாறு வழியாக மேலே வரும் கார், வேன், பைக் நண்பர்களுக்கு,

வணக்கம். இந்தச் சாலையைப் பற்றி நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. பொள்ளாச்சியிலிருந்து 64 கிலோமீட்டர், அதில் 40 கொண்டை ஊசி வளைவுகள், வளைவுக்கு வளைவு எண் போட்ட பலகை. ஒன்பதாவது வளைவில் நின்றால் கீழே ஆழியாறு அணை முழுசாகத் தெரியும். அதற்காகத்தான் எல்லோரும் அங்கே நிறுத்துகிறீர்கள். எங்கள் ஆம்புலன்ஸும் அங்கேதான் நின்றது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவுக்கு நெஞ்சு வலி. உடனே கீழே கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். சாலக்குடி பக்கம் இன்னொரு வழி உண்டுதான், ஆனால் அது முழுக்கக் காடு. அவசரம் என்றால் எங்களுக்குப் பொள்ளாச்சிச் சாலை ஒன்றுதான் கதி. வழியில் கவர்கல் என்ற இடத்து மூடுபனியில் வண்டி ஊர்ந்து வந்தது. அப்புறம் ஒவ்வொரு பலகையாக எண்ணிக்கொண்டே வந்தேன். இருபதுக்குக் கீழே இறங்கியதும் மனசுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. பத்தைத் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது.

வளைவின் இரண்டு ஓரமும் கார்கள். கீழிருந்து ஏறி வந்த பஸ் திரும்ப முடியாமல் குறுக்கே நின்றது. பின்னால் எடுக்கலாம் என்றால் அங்கேயும் வண்டிகள். எங்கள் டிரைவர் இறங்கிப் போய் ஒவ்வொரு கார்க் கண்ணாடியாகத் தட்டி, "யாரோட வண்டி இது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பாதி வண்டிகளில் ஆளே இல்லை. சைரன் அலறுகிறது, பத்தடி தள்ளி ஒருவர் வரையாட்டுக்கு சிப்ஸ் நீட்டிக்கொண்டிருக்கிறார். அம்மா கண்ணைத் திறந்து, "பொள்ளாச்சி வந்திருச்சா?" என்று கேட்டார். "வந்துட்டோம்மா" என்றேன். இருபத்தைந்து நிமிடம் அந்தப் பொய்யோடு சலைன் குழாயைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அம்மா பிழைத்துக்கொண்டார். அதனால்தான் இந்த மடலை இவ்வளவு பொறுமையாக எழுத முடிகிறது.

கேட்பது ஒன்றே ஒன்றுதான். கொண்டை ஊசி வளைவில் வண்டியை நிறுத்தாதீர்கள். "ரெண்டு நிமிஷம்தான், ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துடறேன்" என்பதும் வேண்டாம். ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று நின்றவர்கள்தான் அன்றைக்கு அத்தனை பேரும். வளைவில் நிறுத்தக் கூடாது என்பது சாலை விதியிலேயே இருக்கிறது. மலைச் சாலை குறுகலாக இருந்தால், இறங்கும் வண்டி ஓரமாக நின்று ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பதும் விதிதான். லைசென்ஸ் வாங்கியவர் யாரும் இதைத் தெரியாது என்று சொல்லக் கூடாது.

நீங்கள் படம் எடுத்துக்கொள்ளும் அந்த இடத்துக்கு லோம்ஸ் வியூ பாயிண்ட் என்று பெயர். இந்தச் சாலையைப் போட்ட பொறியாளர் லோமின் பெயர் அது. மேலே கவர்கல்லில், இந்த மலையில் தோட்டம் போட்ட கார்வர் மார்ஷுக்குச் சிலை இருக்கிறது. கல் உடைத்தவர்களுக்கும், தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணி பின்னால் மூட்டையும் பிள்ளையுமாக ஏறி வந்தவர்களுக்கும் ஒரு பலகைகூடக் கிடையாது. அவர்களுடைய பேரப் பிள்ளைகள்தான் இன்றைக்கும் இங்கே கொழுந்து பறிக்கிறோம். பிரசவம், விபத்து, பாம்புக்கடி எதுவானாலும் நிலைமை மோசமானால் இதே நாற்பது வளைவுகளில்தான் இறங்க வேண்டியிருக்கிறது. உங்களுக்கு இது ஒரு நாள் பயணம், எங்களுக்கு வேறு வாசல் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு கேட்கவில்லை. வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. புல் தின்று பாறையில் வாழ வேண்டிய அதைத் தார்ச் சாலைக்கு வரப் பழக்கிவிட்டோம். புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் வண்டியில் அடிபடாமல் கடக்க, சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்ட வேண்டி வந்தது. காட்டு விலங்குக்குத் தீனி போடுவதும் குற்றம்தான். தெரிந்தே போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

சரி, கேட்க வந்ததற்கு வருகிறேன். நீங்கள் வரக் கூடாது என்று சொல்லவில்லை. உங்களை நம்பிப் பிழைக்கும் டீக்கடைகளும் விடுதிகளும் எங்கள் ஊரில் நிறைய உண்டு. வாருங்கள், அணையைப் பாருங்கள். வளைவைத் தாண்டி, நிறுத்த அனுமதி உள்ள, ஓரம் அகலமான இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். சைரன் கேட்டால் போட்டோவை விட்டுவிட்டு வண்டிக்கு ஓடி வாருங்கள்.

அடுத்த மாதம் அம்மாவை மறு பரிசோதனைக்குக் கூட்டி வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கும் அதே வழியில்தான் இறங்குவோம். தயவுசெய்து வளைவில் நிறுத்தாதீர்கள்.

இப்படிக்கு,
வால்பாறையிலிருந்து ஒரு தோட்டத் தொழிலாளி