நாகதேவதைப் படமும் லோங்காங்குப் பாம்பும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தெலுங்கு பக்திப் படங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இயக்குநர் கோடி ராமகிருஷ்ணா படம் என்றால் எங்கள் வீட்டில் இன்றும் வேலையைப் போட்டுவிட்டு உட்காருவோம். 1995-இல் வந்த 'அம்மோரு' தமிழில் 'அம்மன்' ஆனபோது சௌந்தர்யாவுக்காக அழாத பெண்கள் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) இல்லை. 1999-இல் ராமகிருஷ்ணா 'தேவி' எடுத்தார். பிரேமா நாகதேவதையாக வருவார். தேவி ஸ்ரீ பிரசாத் இசையமைத்த முதல் படமும் அதுதான். பள்ளி விடுமுறையில் பேரப்பிள்ளைகளோடு அதை மறுபடியும் பார்த்தேன். பழைய கிராஃபிக்ஸ்தான், ஆனாலும் பிள்ளைகள் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தார்கள்.

அந்தப் படத்தில் நாகம் காக்க வருகிறது. தன்னைக் காப்பாற்றிய பெண்ணுக்கு நன்றிக்கடனாகத் துணை நிற்கிறது. அதைக் கைகூப்பிப் பார்க்கும் நாமே, லோங்காங்கில் (சாக்கடையில்) ஒரு பாம்பு தலை நீட்டினால் பாராங் கத்தியைத் தேடுகிறோம். போன மாதம் எங்கள் வரிசையில் அடிபட்டது ஒரு மலைப்பாம்புக் குட்டி. விஷமே கிடையாது. அடித்தவர் ஆடி வெள்ளிக்குக் கூழ் ஊற்றுகிறவர். ஏன் தம்பி என்று கேட்டேன். "அடிபட்டுத் தப்பிச்சா பழி வாங்கும்க்கா, அதான் முடிச்சிட்டேன்" என்றார். அப்புறமும் பயம் போகவில்லை. ஜோடி தேடி வருமாம், வாசலெல்லாம் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள்.

ஆளை நினைவில் வைத்துத் தேடி வரும் குணம் பாம்புக்கு இல்லை. செத்த துணைக்காக இன்னொன்று வருவதும் இல்லை. பழிவாங்கல் கதைக்குத் தேவை, கதையோடு இருக்கட்டும். வீட்டுப் பக்கம் மலைப்பாம்பு வந்தால், பெரும்பாலும் அங்கே எலி இருக்கிறது என்று அர்த்தம். குப்பையைச் சுத்தம் செய்தாலே பாதி பயம் குறையும். புற்றுக்குப் பால் வைப்பதை நான் தடுக்கவில்லை, நானும் வைக்கிறேன். அது நம் பக்திக்கு. பாம்பின் உணவு பால் இல்லை.

நம் பினாங்கு சுங்கை குளுவாங் பாம்புக் கோயிலைப் பாருங்கள். 19-ஆம் நூற்றாண்டில் சோர் சூ கோங் சாமிக்குச் சீனர்கள் கட்டியது. அங்கே கிளைகளில் குழிவிரியன்கள் சுருண்டு கிடக்கும். பெண் பாம்பு பெரிது, மஞ்சள் பட்டை போட்டிருக்கும். ஆண் பாம்பு மெலிந்து பச்சையாக இருக்கும். ஊதுபத்திப் புகையில் மயங்கிக் கிடக்கின்றன என்பார்கள். ஆனால் இரைக்காக ஒரே இடத்தில் அசையாமல் காத்திருப்பதே அந்த இனத்தின் இயல்பு. விஷப் பாம்புகள்தான், ஆனாலும் அவற்றைச் சாமியின் பிள்ளைகளாக நினைத்து மரியாதையோடு விலகிப் போகிறார்கள். எனக்கு அந்த பக்தி பிடித்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடித்த இடத்தைக் கீறி வாயால் உறிஞ்சுவதும் கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் சினிமாவில் சரி. நிஜத்தில் அது கை காலுக்கே ஆபத்து. மோதிரம், வளையலைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். பாம்பைப் பிடித்துக்கொண்டு போகத் தேவையில்லை. முடிந்தால் தூரத்திலிருந்து கைப்பேசியில் ஒரு படம் எடுத்தால் போதும். நாகத்துக்கும் குழிவிரியனுக்கும் விஷமுறிவு மருந்து வேறு வேறு என்பதால் மருத்துவருக்கு அது உதவும்.

ஆடி மாதத்தில் அம்மன் படங்களை வரிசையாகப் போடுவார்கள். தாராளமாகப் போடட்டும். இடைவேளையில் ஒரு வரி மட்டும் ஓட விடுங்கள் என்று தொலைக்காட்சி நிலையங்களைக் கேட்டுக்கொள்கிறேன்: "பாம்பைக் கண்டால் விலகி நின்று 999-க்கு அழையுங்கள்." பொம்பா என்னும் தீயணைப்புப் படையோ பொதுத் தற்காப்புப் படையோ வந்து பிடித்துக்கொண்டு போவார்கள். வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் தலைவர்கள் மைக்கில் இதையே சொல்லலாம். உங்கள் ஞாயிறு சினிமா பக்கத்திலும் இதற்கு ஒரு சின்னப் பெட்டி ஒதுக்கித் தருவீர்களா?

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாயான் லெப்பாஸ், பினாங்கு