கிணற்று நீரும் நாட்டின் நிலையும்

அன்பின் நண்பருக்கு,

உமது கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்து நடமாடத் தொடங்கிவிட்டீர் என்று அறிந்து மகிழ்ந்தேன். இங்கே அனைவரும் நலம். வெங்காயம் கிண்டி, பிடி கட்டித் தூக்கியாயிற்று.

மக்களின் கல்வியும் சுகாதாரமும் உயர்ந்தால் சுற்றுச்சூழலும் தானாகவே சீர்ப்படும் என்று எழுதியிருந்தீர். கல்வி, ஆயுள், வருமானம் மூன்றையும் சேர்த்து அளக்கும் மனித அபிவிருத்திச் சுட்டெண்ணில் இலங்கை 0.78 அளவில், உயர்ந்த பிரிவிலேயே நிற்கிறது. ஆயினும் எங்கள் வளவுக் கிணற்று நீரைப் பேரப்பிள்ளைக்குக் கொடுக்க எனக்கு மனம் துணியவில்லை.

வற்றாத ஆறில்லாத இந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரே எமக்குக் குடிநீர். காலையில் வெங்காயத் தறைக்கு இறைக்கும் நீர், நாம் இட்ட யூரியாவையும் கரைத்துக்கொண்டு செம்மண் வழியே மீண்டும் அதே கிணற்றுக்குள் இறங்குகிறது. மலசலகூடக் குழிகளின் கசிவும் அதனோடு சேர்கிறது. இவற்றால் நீரில் சேர்வது நைத்திரேற்று என்னும் உப்பு; கைக்குழந்தைகளுக்கு அது கேடு. பல கிணறுகளில் அதன் அளவு, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருக்கிறது. கொதிக்க வைத்தாலும் அது போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். பிள்ளைக்குப் பால் கரைக்க மருமகள் கேத்திலை அடுப்பில் வைக்கும்போதெல்லாம் இந்த நினைவு என்னை வருத்துகிறது.

இதை நாம் அறியாமல் இருந்தோமா? 1980களின் தொடக்கத்திலேயே எம்மவர் ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். கல்வி தன் கடமையைச் செய்தது. ஆனால் 1983இல் இனக்கலவரமும் போரும் வெடித்து நாடு தீப்பற்றியது. அதன்பின் கிணற்று நீரைப் பற்றி யார் பேசுவார்? 1990இல் போர் மீண்டும் மூண்டபோது எங்கள் பகுதிக்கு அரசு விதித்த பொருளாதாரத் தடையில் யூரியாவும் அடங்கியது. மண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்று எண்ணி எவரும் அதை நிறுத்தவில்லை. வெடிமருந்தாகிவிடும் என்ற அச்சத்தாலேயே நிறுத்தினார்கள். பதுங்கு குழிகளுக்காக எத்தனை பனைகள் தறிபட்டன என்பதை நீரும் கண்டவர்தான். போர் முடிந்து பாதை திறந்ததும், இழந்த ஆண்டுகளையெல்லாம் ஒரே போகத்தில் மீட்டுவிடுபவர்கள் போல நாங்கள் பசளையை அள்ளிக் கொட்டினோம். அதில் எனக்கும் பங்குண்டு.

பின்னர் 2021 மே மாதத்தில், இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு ஒரே அறிவிப்பில் தடை செய்தது. சேதனப் பசளைக்கு மாறுவதை நான் மனமார வரவேற்பவன். ஆனால் அதற்குப் பல ஆண்டுப் பயிற்சியும், எருவுக்கு வழியும், விளைச்சல் குறையும் காலத்தில் கைகொடுக்கும் ஏற்பாடும் வேண்டும். நெல்லும் தேயிலையும் வீழ்ந்தன. நவம்பரில் தடையை நீக்கினார்கள். அடுத்த ஆண்டு அரசே ஆட்டம் கண்டது. எரிவாயு கிடைக்காத அம்மாதங்களில் எங்கள் குசினியிலும் விறகடுப்பு மீண்டும் மூண்டது. இன்று அயல் தோட்டக்காரரிடம் சேதனப் பசளை என்று வாயெடுத்தால், அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இத்தனை இழப்பிலும் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அந்த நம்பிக்கை போனதுதான்.

யூரியா வந்ததும் நின்றதும் போரினாலும் அரசாணையாலும்தான். மண்ணையும் நீரையும் கேட்டு எவரும் முடிவெடுத்ததில்லை. நிலத்தடி நீர் தேறப் பல மாரிகள் வேண்டும். அத்தனை மாரிக்கும் ஒரே கொள்கையில் நிற்கும் அரசு எமக்கு இன்னும் வாய்க்கவில்லை.

கார்த்திகை மழை ஓய்ந்ததும் எங்கள் ஒழுங்கையில் உள்ள கிணறுகளின் நீர் மாதிரிகளை எடுத்துச் சோதனைக்குக் கொடுக்க எண்ணியிருக்கிறேன். உமது பூர்விக வளவுக் கிணற்றிலும் ஒரு போத்தல் எடுக்கட்டுமா? சம்மதம் எனில் எழுதும்.

அன்புடன்,
உமது பழைய வகுப்புத் தோழன்