ஆட்டம் முதலில், பயிற்சி பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு,

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரப் பள்ளிகளில் ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவிகள் பி.டி. பீரியடில் மரத்தடியில் உட்கார்ந்துவிடுவதைப் பலரும் சோம்பல் என்கிறார்கள். உலக அளவில் 11 முதல் 17 வயதுப் பெண்களில் 85 சதவீதம் பேர், ஆண்களில் 78 சதவீதம் பேர் தினமும் ஒரு மணி நேரம்கூட உடலை அசைப்பதில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2019இல் சொன்னது. இது செட்டிநாட்டுப் பிள்ளைகளின் குறை மட்டும் இல்லை. பாடம் நடத்தும் முறையிலும் கோளாறு இருக்கிறது.

வழக்கமான வகுப்பில் ஒரே பந்து, நீண்ட வரிசை. தன் முறை வரும்போது அத்தனை பேரும் பார்க்க, பந்தை நழுவவிடும் பெண் மறுவாரம் வயிற்றுவலி என்பாள். 1982இல் இங்கிலாந்தின் லஃபரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பங்கர், தார்ப் இருவரும் முதலில் பயிற்சி, கடைசியில் ஆட்டம் என்ற வழக்கத்தைத் திருப்பிப் போட்டார்கள்: முதலில் சிறு ஆட்டம், அதில் தேவை தெரிந்தபின் திறன் பயிற்சி.

நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த எறிபந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முறையான களம் 18.30 மீட்டருக்கு 12.20 மீட்டர், வலை 2.2 மீட்டர் உயரம். அது வேண்டாம். 24 மீட்டர் கயிற்றை ஒன்றரை மீட்டர் உயரத்தில் கட்டி, தொய்யாமலிருக்க நடுவில் இரண்டு மூங்கில் கொடுத்தால், 4 மீட்டர் அகலத்தில் ஆறு களம் கிடைக்கும். கயிற்றுக்கு இருபுறமும் ஐந்து ஐந்து மீட்டர், செம்மண்ணில் சுண்ணாம்புக் கோடு போதும். அணிக்கு நான்கு பேர்: மூவர் ஆட, ஒருத்தி புள்ளி எழுதுவாள், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றம். 48 பேருக்கும் வேலை. மாதவிடாய் நாளில் ஓட முடியாதவள் புள்ளி எழுதும் இடத்திலேயே இருக்கலாம், காரணம் சொல்லி நிற்க வேண்டியதில்லை. விரல் வலிக்குப் பயப்படுகிறவர்களுக்காக மென்மையான ரப்பர் பந்து ஆறு வாங்குங்கள்.

40 நிமிடத்தில் களம் கட்ட ஐந்து, உடலைச் சூடாக்க ஐந்து, ஆட்டம் பத்து. பிறகு மூன்றே நிமிடம் ஒரு கேள்வி: "எதிரணி மூணு பேரும் கயித்துக்கிட்ட நின்னா பந்தை எங்கே போடுவீங்க?" "பின்னாடி" என்று அவர்களே சொன்னதும், ஏழு நிமிடம் ஜோடியாக நீள எறிதல். கடைசிப் பத்து நிமிட ஆட்டத்தில் பின்கோட்டருகே விழும் பந்துக்கு இரண்டு புள்ளி. முடிவைத் தானே எடுப்பது, 'என்னால் முடிகிறது' என்று உணர்வது, கூட இருப்பவர்களோடு சேர்வது, இந்த மூன்றும்தான் ஆர்வத்தைத் தாங்குகின்றன என்பது உளவியலாளர்கள் டெசி, ரையான் வகுத்த கோட்பாடு. மூன்றுமே இந்த 40 நிமிடத்துக்குள் வந்துவிடுகின்றன.

தவறும் இடங்களும் உண்டு. கேள்வியை விட்டுவிட்டுப் பந்தை மட்டும் போட்டால், மாவட்ட அணியில் ஆடும் இரண்டு பேர் ஆட, மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். தலைவிகள் ஆள் பொறுக்கினால் கடைசியாக மிஞ்சுபவள் அன்றே மனம் தளர்ந்துவிடுவாள். அணியை ஆசிரியரே பிரிக்கட்டும். தோற்றவர் வெளியேறும் ஆட்டங்கள் கூடவே கூடாது, அதிகம் ஆட வேண்டியவளே முதலில் வெளியே உட்காருவாள். ஒரு வாரம் செய்து பார்த்துவிட்டுப் பலன் இல்லை என்பதும் சரியல்ல.

அழகப்பா பல்கலைக்கழக உடற்கல்வியியல் கல்லூரி காரைக்குடியிலேயே இருக்கிறது. வட்டார ஆசிரியர்களுக்கு இம்முறையில் களப்பயிற்சி தர அக்கல்லூரி முன்வர வேண்டும். தலைமையாசிரியர்கள் பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்குத் தூக்கிக் கொடுக்காமல், உச்சிவெயிலிலும் போடாமல், காலை முதல் இரண்டு பீரியடுக்குள் வைத்துத் தர வேண்டும்.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியைகள் சிலர்,
காரைக்குடி