கதை வேறு, பொருள் வேறு: போர் நினைவுப்பொருட்களுக்குப் பட்டியல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

போர் நினைவுப்பொருட்களை ஏலத்துக்கு எடுக்கும் நிறுவனங்களில் பட்டியல் எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் பட்டியல்களில் ஒரு வரி ஓயாமல் வருகிறது: "இரண்டாம் உலகப் போர் வீரர் கையோடு கொண்டுவந்தது, குடும்பத்திடமிருந்து நேரடியாக." விலையை ஏற்றுவது அந்த வரிதான். அதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டால், பேரன் சொன்னார் என்பீர்கள். பேரன் பொய் சொல்லவில்லை, தாத்தா சொன்னதைச் சொல்கிறார். தாத்தாவும் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. பசிபிக் தீவுகளில் அமெரிக்கக் கடற்படையின் கட்டுமானப் பிரிவினர், சீபீஸ் என்று அழைக்கப்பட்டவர்கள், ஜப்பானியக் கொடிகளைத் தாங்களே தயாரித்து, போர்முனையையே பார்க்காத மாலுமிகளுக்கும் விமானப்படையினருக்கும் விற்றார்கள். அப்படிப்பட்ட கொடியில் துணி அந்தக் காலத்தது, சாயம் அந்தக் காலத்தது, வீரர் கொண்டுவந்ததும் உண்மை. ஆனால் கொடி போலி.

ஆகவே நாங்கள் கேட்பது ஒன்றுதான். பொருள் அசலா என்பது ஒரு கேள்வி, கதை உண்மையா என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் தனித்தனியே சோதித்து, தனித்தனியே எழுதுங்கள். ஒன்றை வைத்து மற்றதை நிரூபிக்கப் போனால்தான் சிக்கல் ஆரம்பமாகிறது.

முதலில் வாள். அதிகம் வருவதும் அதிகம் கெடுக்கப்படுவதும் அதுதான். ஜப்பானிய ராணுவ வாளைப் பிடியோடும் உறையோடும் படமெடுத்துப் போட்டால் பாதி வேலைகூட முடியவில்லை. சேதி இருப்பது பிடிக்குள் மறைந்திருக்கும் வால்பகுதியில், ஜப்பானியர் நக்காகோ என்று சொல்லும் இடத்தில். பிடியின் பக்கவாட்டில் ஒரு மூங்கில் ஆணி தெரியும். அது ஒரு முனையில் பருத்து மறுமுனையில் மெலிந்திருக்கும். மெலிந்த முனையில் மரக்குச்சியையோ பித்தளைக் குச்சியையோ வைத்து மெதுவாகத் தட்டினால் எதிர்ப்பக்கம் வெளியே வரும். பருத்த பக்கத்திலிருந்து அடித்தால் ஆணி இறுகி, பிடி பிளக்கும். ராணுவப் பிடிகள் சிலவற்றில் இரண்டாவது ஆணியோ திருகோ உண்டு, அதையும் எடுத்த பிறகே பிடியை அசைக்க வேண்டும். பிறகு வாளை நிமிர்த்தி, கூர்முனை மேலே பார்க்க, ஒரு கையால் பிடியைப் பற்றிக்கொண்டு மறுகை முஷ்டியால் பற்றிய மணிக்கட்டின் மேல் லேசாகக் குத்த வேண்டும். அந்த அதிர்வில் வால் தளரும். அலகை விரலால் தொடாதீர்கள், ரேகை பட்ட இடத்தில் துரு ஏறும்.

வால்பகுதியில் இருக்கும் துருவை யாரும் தொடக் கூடாது. அது அழுக்கு அல்ல, வயதுச் சான்று. பழைய வாலின் துரு கருத்து, வழுவழுப்பாக, அரத்தின் கோடுகளுக்குள்ளும் ஒரே சீராகப் படிந்திருக்கும். அமிலத்தில் முக்கி எடுத்த வாலில் அது செம்மஞ்சளாகப் பொரிந்து, விரலில் ஒட்டும். இரும்பு நார் போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைத்த வாலைப் பார்த்து எந்த நிபுணரும் எதுவும் சொல்ல முடியாது. கொல்லர் பெயர் வெட்டியிருந்தால் இரு பக்கமும் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுங்கள். சிறிய சேகி முத்திரையோ (சேகி வாள் செய்யும் ஊர்) ஷோவா முத்திரையோ (ஷோவா அந்தக் காலப் பேரரசரின் ஆட்சிக்காலப் பெயர்) இருந்தால் அது போர்க்காலப் பட்டறையில் மரபு முறைக்கு வெளியே செய்தது. நட்சத்திர முத்திரை இருந்தால், ராணுவம் அங்கீகரித்த கொல்லர் மரபுவழி எஃகில் அடித்தது. சாதாரண ராணுவப் பிடிக்குள் பல தலைமுறை பழைய குடும்ப அலகு ஒளிந்திருப்பதும் உண்டு. அதனால்தான் பிடியைக் கழற்றாமல் விலை சொல்வது இரு தரப்புக்கும் சூதாட்டம்.

சார்ஜென்ட் போன்ற, அதிகாரிகளுக்குக் கீழ்ப்பட்ட பதவியினருக்கான 95-ஆம் வகை வாள் வேறு கதை. அது முழுக்க இயந்திர வேலை. பெரும்பாலானவற்றின் பிடி அலுமினியத்தில் வார்த்து, நூல் சுற்றியதுபோல வண்ணம் பூசியது. அலகில் வரிசை எண் குத்தியிருக்கும், அதே எண் உறையின் வாய்ப்பகுதியிலும் இருக்க வேண்டும். சந்தையில் புதுப் போலிகள் அதிகம் நடமாடுவதும் இந்த வகையில்தான். எண்கள் மேலும் கீழுமாகத் துள்ளி நிற்பது, அலகின் நீளவாக்குப் பள்ளம் முனையருகே கோணிப் போவது, பிடியின் வார்ப்பில் நூல் முடிச்சுகள் மழுங்கித் தெரிவது ஆகிய மூன்றும் ஒன்றாக வந்தால் மேலே பேச வேண்டியதில்லை.

கையெழுத்துகள் நிறைந்த ஜப்பானியக் கொடி போருக்குப் போகும் ஒரு தனி மனிதனுக்கு ஊர் கூடி எழுதிக் கொடுத்தது. அதனால் பல கைகளின் எழுத்து இருந்தே தீர வேண்டும். எல்லாப் பெயரும் ஒரே கையில், ஒரே மை அடர்த்தியில் இருந்தால் ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்று பொருள். மை பட்டிலோ பருத்தியிலோ ஊறிப் பின்பக்கம் வரை தெரிய வேண்டும். சிவப்பு வட்டம் சாயமேறியதாக இருக்க வேண்டுமே தவிர, வண்ணம் பூசி வெடித்ததாக அல்ல. கட்டுக் கயிறு வரும் மூலைகளில் தோலோ தடித்த தாளோ முக்கோணமாகத் தைத்திருப்பார்கள். இழுத்துக் கட்டிய கொடியானால் அங்கேதான் தேய்வு தெரியும். தேநீரில் நனைத்த கொடியில் கறை மடிப்புகளைப் பொருட்படுத்தாமல் முழுக்கப் பரவியிருக்கும், வருடக்கணக்கில் மடித்து வைத்த கொடியிலோ மடிப்புக் கோடுகளை ஒட்டித்தான் பழுப்பேறும். "ரத்தக்கறையுடன்" என்று போட்டு விலை ஏற்றுபவர்களுக்கு ஒரு குறிப்பு: எண்பது வருட ரத்தம் சிவப்பாக இருக்காது.

ஆயிரம் முடிச்சு வயிற்றுப்பட்டி வந்தால் பொறுமையாக எண்ணிப் பாருங்கள். போருக்குப் போகும் ஜப்பானிய வீரருக்கு ஆயிரம் பெண்கள் ஆளுக்கொரு சிவப்பு முடிச்சு போட்டுக் கொடுப்பது வழக்கம், புலி ஆண்டில் பிறந்தவர்கள் மட்டும் தங்கள் வயதுக்கேற்ற எண்ணிக்கையில் போடலாம். சிலவற்றில் ஐந்து சென், பத்து சென் நாணயங்களைச் சேர்த்துத் தைத்திருப்பார்கள். நான்கு என்பது ஜப்பானிய மொழியில் சாவு என்ற சொல்லைப் போல ஒலிக்கும், ஒன்பது துன்பத்தைப் போல. ஐந்து நான்கைத் தாண்டியது, பத்து ஒன்பதைத் தாண்டியது என்பது கணக்கு. பல கைகள் போட்ட முடிச்சில் இறுக்கமும் அளவும் மாறி மாறி வரும். இயந்திரம்போல் சீராக இருந்தால் யோசியுங்கள். கொடியிலோ பட்டியிலோ பெயர் படிக்கக் கிடைத்தால், விற்பவரிடம் இன்னொரு வழியும் உண்டு என்று சொல்லுங்கள். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் உள்ள ஓபோன் சொசைட்டி இவற்றை இறந்த வீரரின் குடும்பத்தைத் தேடித் திருப்பிக் கொடுக்கிறது. சொல்வது மட்டும் உங்கள் வேலை, முடிவு அவருடையது.

ஜெர்மன் தலைக்கவசத்தில் காலக்கணக்கே பாதிப் போலிகளைக் காட்டிக்கொடுத்துவிடும். 1935 மாதிரியில் காற்றுத்துளை தனியாகச் செருகிய வளையம், 1940 மாதிரியில் அதே தகட்டிலேயே அழுத்தி எடுத்தது, 1942 மாதிரியில் விளிம்பு உள்ளே மடிக்கப்படாமல் வெளியே விரிந்து நிற்கும். மூவண்ணக் கேடய முத்திரையை ஒட்டுவது 1940-லேயே நிறுத்தப்பட்டது. அப்படியிருக்க, 1942 மாதிரிக் கவசத்தில் இரண்டு பக்கமும் முத்திரை இருப்பதாக எப்படிப் பட்டியல் எழுதுகிறீர்கள்? உட்புறத் தகட்டில் தொழிற்சாலைக் குறியீட்டோடு அளவும் குத்தியிருக்கும். 64 என்றால் உள்ளே தோல்பட்டை 56 அல்லது 57, 66 என்றால் 58 அல்லது 59. பொருந்தவில்லை என்றால் பட்டை மாற்றப்பட்டிருக்கிறது, அதை மறைக்காமல் எழுதுங்கள். பிறகு பத்து மடங்கு லென்ஸில் முத்திரையின் விளிம்பைப் பாருங்கள். கீறல் முத்திரையையும் வண்ணத்தையும் சேர்த்துக் கிழித்திருந்தால் நல்லது. வண்ணத்தில் இருக்கும் கீறலின் மேல் முத்திரை போர்வைபோலக் கிடந்தால், அது பின்னால் வந்தது.

பதக்கங்களுக்குக் காந்தம் போதும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. ஜெர்மனியின் இரும்புச் சிலுவைப் பதக்கத்தின் நடுத்தகடு காந்தத்தில் ஒட்டும் என்பது பொதுவாகச் சரி. ஆனால் நல்ல போலிகளும் ஒட்டும், இரும்பல்லாத நடுத்தகட்டோடு அசல்களும் உண்டு. வெர்னியர் காலிப்பரால் அளப்பது மேல். அசலிலிருந்து அச்செடுத்து வார்த்த நகல், உலோகம் ஆறும்போது சுருங்குவதால் கொஞ்சம் சிறுத்திருக்கும், எழுத்துகளின் ஓரமும் மழுங்கியிருக்கும்.

துப்பாக்கிகளில் கதையைப் பொருளே சொல்வதுண்டு. ஜப்பானிய அரிசாகா துப்பாக்கியின் மேல் பேரரசரின் சின்னமான பதினாறு இதழ் சாமந்தி முத்திரை முழுதாக இருந்தால், சரணடைவதற்கு முன் களத்தில் கைப்பற்றியிருக்க வாய்ப்பு அதிகம். அரைத்து அழித்திருந்தால் சரணடைந்தபோது ஒப்படைத்ததாக இருக்கலாம். இது வாய்ப்பைக் காட்டும் குறிதான், நிரூபணம் அல்ல. ஜெர்மன் துப்பாக்கியின் மரக்கட்டை முன்பக்கப் பட்டைக்கு அடியில் ரம்பத்தால் அறுபட்டிருந்தால் முகம் சுளிக்காதீர்கள். வீரர் தன் துணிப்பையில் திணிப்பதற்காக அறுத்தது அது. மரவேலைக்காரரிடம் கொடுத்து ஒட்டிப் பூசிவிட்டால், இருந்த ஒரே சாட்சியும் போச்சு.

இனி காகிதம். எதிரியின் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோக அமெரிக்க வீரருக்கு மேலதிகாரி கையெழுத்திட்ட சான்று வேண்டும். வீரர் பெயர், எண், படைப்பிரிவு, பொருள்களின் பட்டியல் அதில் இருக்கும். சிக்கல் என்னவென்றால், பல சான்றுகளில் "ஜெர்மன் கைத்துப்பாக்கி ஒன்று" என்பதற்கு மேல் எதுவும் இல்லை. அப்படிப்பட்ட அசல் சான்றை எந்தக் கைத்துப்பாக்கியோடும் சேர்த்து விற்கலாம், விற்கிறார்கள். வரிசை எண் எழுதியிருந்து அது பொருளோடு பொருந்தினால்தான் "சான்றுடன்" என்ற சொல்லைப் பயன்படுத்துங்கள். மையைக் கவனியுங்கள்: அமெரிக்கக் கடைகளுக்குப் பால்பாயின்ட் பேனா வந்ததே 1945 அக்டோபரில். 1944 தேதியிட்ட கையெழுத்து பால்பாயின்ட் பேனாவில் இருந்தால் விஷயம் முடிந்தது. தட்டச்சு எழுத்து தாளில் பள்ளம் விழுத்தும், பின்பக்கம் தடவினால் தெரியும். நகலெடுக்கும் இயந்திரத்தின் கரி மேலே மினுமினுப்பாக உட்கார்ந்திருக்கும்.

வீரரின் பணிப்பதிவைக் கேட்டால் "1973 தீயில் எரிந்துவிட்டது" என்பார்கள். படைவீரர்களின் பணிப்பதிவுகளை வைத்திருக்கும் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பதிவகத்தில் அந்த ஜூலையில் தீப்பிடித்தது உண்மை. 1912-க்கும் 1960-க்கும் இடையே விலகிய தரைப்படையினரின் பதிவுகளில் சுமார் 80 சதவீதம் போனது. ஆனால் எரிந்தவை தரைப்படையும் விமானப்படையும் சார்ந்தவை. கடற்படை வீரரின், மரைன் வீரரின் குடும்பம் அந்தக் காரணத்தைச் சொன்னால் மறுபடி கேளுங்கள். தரைப்படையினரானாலும் விடுவிப்புச் சான்றின் நகலைப் பலர் ஊர்ப் பதிவு அலுவலகத்தில் பதிந்து வைத்தார்கள், படைப்பிரிவின் தினசரி அறிக்கைகளும் உண்டு. அந்தத் தேதியில் அந்தப் பிரிவு அந்த இடத்தில் இருந்ததா என்பது அதில் தெரிந்துவிடும்.

புற ஊதா விளக்கை எல்லாரும் வாங்கிவிட்டார்கள், படிக்கத்தான் தெரியவில்லை. 365 நானோமீட்டர் விளக்கை இருட்டில் பிடித்தால், போருக்குப் பிந்தைய வெளுப்பூட்டிகள் சேர்ந்த தாளும் நூலும் நீலவெள்ளையாக ஒளிரும். ஆனால் பாட்டி 1960-களில் சலவைத்தூளில் துவைத்த அசல் சீருடையும் அப்படியே ஒளிரும். ஆகவே துணி முழுக்க ஒளிர்கிறதா, சின்னத்தைத் தைத்த நூல் மட்டும் ஒளிர்கிறதா என்று பாருங்கள். துணி இருண்டு நூல் மட்டும் ஒளிர்ந்தால் அந்தச் சின்னம் பின்னால் தைத்தது. சந்தேகம் தீராவிட்டால், தானே தொங்கும் நூலில் இரண்டு மில்லிமீட்டர் எடுத்து எரியுங்கள். பருத்தி காகித வாசனையோடு சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகி மணியாகத் திரளும். பாலியெஸ்டர் நூல் உள்ள 1943 சட்டை என்று ஒன்று கிடையாது.

பரிசோதிக்கவே கூடாதவையும் பெட்டியோடு வருகின்றன. கைக்குண்டு, எறிகணை, வெடிமுனை எதுவானாலும் "செயலிழந்தது" என்று குடும்பம் சொல்வதை நம்பித் திருகாதீர்கள், நகர்த்தாதீர்கள். அறையைக் காலி செய்து காவல்துறையை அழையுங்கள். பழைய ஜப்பானியக் குண்டுகளில் இருந்த பிக்ரிக் அமிலம் உலோகத்தோடு சேர்ந்து, தொட்டாலே வெடிக்கும் உப்பாக மாறக்கூடியது. திசைகாட்டியின் முகப்பு இருட்டில் ஒளிரவில்லை என்பதால் ரேடியம் தீர்ந்ததாக அர்த்தமில்லை: ஒளிரும் பூச்சுதான் கெட்டது, ரேடியத்தின் அரைவாழ்வு 1600 ஆண்டுகள். பழைய வாயுமுகமூடியின் வடிகட்டியில் கல்நார் இருக்கலாம், அணிந்து படமெடுக்க வேண்டாம்.

எல்லாம் அசலாக இருந்தும் விற்கக் கூடாதவை இருக்கின்றன. ஜெர்மனியின் க்வெட்லின்பர்க் தேவாலயத்தின் இடைக்காலப் புதையலை 1945-ல் ஒரு அமெரிக்க அதிகாரி ராணுவத் தபாலிலேயே வீட்டுக்கு அனுப்பினார். அவர் இறந்தபின் வாரிசுகள் விற்க முயன்றதில்தான் 1990-ல் விஷயம் வெளிவந்தது. எதிரி வீரனின் தலைக்கவசம் வேறு, கோயில் சொத்து வேறு. நூலக முத்திரை, அருங்காட்சியக எண், கோயில் பொறிப்பு கண்ணில் பட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

குடும்பத்தின் வாய்மொழிக்கு மதிப்பே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. முறையாக வாங்குங்கள். யார் சொன்னார், பொருளை முதலில் எப்போது எங்கே பார்த்தார் என்பதை அவர் வார்த்தையிலேயே எழுதி, கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். "இது ஒகினாவாவிலிருந்து வந்ததுதானே?" என்று நீங்களே எடுத்துக்கொடுக்காதீர்கள். அந்தத் தாளைப் பருத்திக் கயிற்றில் அடையாளச் சீட்டோடு கட்டுங்கள், ஒட்டுநாடா வேண்டாம், எண்ணைப் பென்சிலில் எழுதுங்கள். பட்டியலில் "குடும்பத்தார் கூறியபடி" என்றால் அது மட்டும், "எண் பொருந்தும் சான்றுடன்" என்றால் சான்றின் படத்தோடு. வெறுமனே "வீரர் கொண்டுவந்தது" என்பதை விட்டுவிடுங்கள்.

அடுத்த ஏலத்திலும் ஒரு வாள் இருக்கும். பிடியைக் கழற்றி, வாலை இரு பக்கமும் படமெடுத்துப் போடுங்கள். ஆணி வரவில்லை என்றால் வரவில்லை என்றே எழுதுங்கள், வாங்குபவர் புரிந்துகொள்வார்.

இப்படிக்கு,
இந்தப் பொருட்களைச் சோதித்துப் பார்ப்பதே வேலையாக இருக்கும் சிலர்