சொஃப்ட்வெயார மாத்தக்குள்ள பழைய பதிவையும் கொண்டு வாங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் களுவாஞ்சிகுடியில இருந்து எழுதுறன். அம்மாக்கு சீனி வருத்தம், பிரஷர் ரெண்டும் இருக்கு. போன மாசம் கால்ல புண் வந்து, ஏழெட்டு வருசமா நாங்க காட்டுற தனியார் ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப் போனன், அங்க இப்ப புது சொஃப்ட்வெயார் போட்டிருக்காங்க, அம்மாட அடையாள அட்டை (ஐடி) நம்பர அடிச்சா அப்படி ஒரு ஆளே இல்லயாம்.

மறுகா புது ஆளாப் பதிஞ்சு, டொக்டரும் பாத்து துண்டு எழுதிட்டார். மருந்து எடுக்கிற இடத்துல நிண்ட தங்கச்சிதான் அம்மாட கிளினிக் கொப்பி மட்டையில சிவப்புப் பேனையால "பென்சிலின் அலர்ஜி" எண்டு கிடந்தத கண்டுட்டு நிப்பாட்டினா. துண்டில இருந்தது அமொக்சிசிலின், அதுவும் பென்சிலின் குடும்பம்தான். கொப்பிய அண்டைக்கு வீட்ட வச்சிட்டுப் போயிருந்தா எண்டு நினைக்க இப்பவும் கை நடுங்குது.

ஏன் இப்படி ஆச்சு எண்டு விசாரிச்சன். பழைய மெஷின்ல இருந்தது ஒம்பது இலக்கமும் கடைசியில வி (V) எழுத்தும் உள்ள பழைய ஐடி நம்பர். அம்மா கார்ட் துலைஞ்சு திரும்ப எடுத்தது, அது 2016ல இருந்து வந்த 12 இலக்கக் கார்ட். ஆனா ரெண்டும் ஒரே நம்பர்தானே, முன்னுக்கு 19 போட்டு, பழைய நம்பர்ட முதல் அஞ்சு இலக்கத்துக்குப் பின்னால ஒரு 0 போட்டு, விய எடுத்துட்டா புதுசு வந்திரும். இத கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் குடுக்க நாலு வரி காணுமே, ஒருத்தரும் யோசிக்கல்லயா?

இன்னொண்டு. பழைய குறிப்பெல்லாம் பாமினி எழுத்துல அடிச்சது. நான் பத்து வருசம் டைப்செட்டிங் கடையில வேலை செஞ்சவள், அந்த ஃபொண்ட் இல்லாத மெஷின்ல அது இங்கிலிஷ் எழுத்தும் செமிகோலனுமாத்தான் தெரியும். எல்லா மெஷின்லயும் தமிழாத் தெரியிற யுனிகோட் எழுத்துக்கு மாத்தாம அப்படியே தூக்கிப் போட்டா டொக்டர் எத வாசிக்கிற?

மாத்த வேணாம் எண்டு நான் சொல்லல்ல. 2020 ஜனவரியோட மைக்ரோசொஃப்ட் பாதுகாப்பு அப்டேட் நிப்பாட்டின விண்டோஸ் 7ல நோயாளிட விபரத்த வச்சிருக்கிறதும் பயம்தான். ஆனா பழசையும் புதுசையும் கொஞ்ச மாசம் பக்கத்துல பக்கத்துல ஓட விடுங்க, நூறு பேர்ட பதிவ எடுத்து ரெண்டுலயும் ஒண்டா இருக்கா எண்டு நேர்ஸ்மாரையும் வச்சுப் பாருங்க, மத்தது பிந்தினாலும் அலர்ஜி விபரம் முதல்ல வந்து சேரட்டும். அது சரியாகுமட்டும் பழைய மெஷின கழட்ட வேணாம் ஐயா.

இப்படிக்கு,
ஒரு மகள்,
களுவாஞ்சிகுடி.