குடும்பத்தில் ஒருத்தியாக வேண்டாம், சம்பளத் தேதி போதும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏற்றத்தாழ்வைக் குறைக்க நாம் ஒவ்வொருவரும் என்ன செய்யலாம் என்று போன இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வீட்டு வேலைக்கு வருகிறவர்களைக் குடும்பத்தில் ஒருவராக நடத்துங்கள், சமத்துவத்துக்கு அதுதான் முதல் படி என்று ஒரு வரி வருகிறதே, அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. நான் வீட்டு வேலைக்குப் போகிறவள், கல்யாணத்துக்கு முன்பிருந்தே போகிறேன். இந்தப் பேச்சை அநேகமாக எல்லா வீட்டிலும் கேட்டாயிற்று.

எப்போது சொல்வார்கள் தெரியுமா? சம்பளம் கூட்டிக் கேட்கும்போது. விருந்தாளிகள் வரும் நாளில் பொழுது சாய்ந்த பிறகும் இருக்கச் சொல்லி, அதற்குத் தனியாகக் காசு உண்டா என்று நான் கேட்கும்போது. "நீ நம்ம வீட்டு ஆளு, நீயே இப்படிக் கேட்கலாமா?" என்பார்கள். அதற்கு மேல் வாய் திறக்க முடியாது, திறந்தால் நன்றி கெட்டவள் என்று பெயர். அதே வீட்டில் அவர்கள் வெளியூர் கிளம்பினால், அத்தனை நாளுக்கும் என் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். வேலைதான் இல்லையே என்று காரணம் சொல்வார்கள். ஊருக்குப் போனது அவர்கள், கூலி போனது எனக்கு. அவர்கள் அலுவலகத்தில் இப்படிச் செய்தால் ஒத்துக்கொள்வார்களா என்று ஒரு தடவை கேட்டேன். அது வேறு, இது வேறு என்றார் அந்த அம்மா. எப்படி வேறு என்று சொல்லவில்லை.

காய்ச்சலில் படுத்தாலும் அதே கதைதான். ஒரு வீட்டில் மாதக் காலண்டரில் நான் வராத நாளையெல்லாம் சிவப்பு மையில் சுழித்து வைப்பார்கள், மாதக் கடைசியில் என்னைப் பக்கத்தில் நிறுத்தி விரலால் தொட்டுத் தொட்டு எண்ணுவார்கள். வேலை முடிய நேரமாகி நான் தாமதமாக வீடு திரும்பிய நாட்களுக்கு அந்தக் காலண்டரில் எந்தச் சுழியும் கிடையாது. சம்பளம் முதல் தேதி என்று பேச்சு, வருவது என்னவோ ஐந்தோ எட்டோ. கையில் இல்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்பார்கள். எனக்கு வீட்டு வாடகையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் நாளைக்குப் பார்க்கலாம் என்று நிற்பதில்லை. அதனால் கடன் வாங்கி அதற்கு வட்டி கட்டுகிறேன். என் உழைப்புக்கு வரவேண்டிய பணம் தள்ளிப்போவதற்கு நானே வட்டி கட்டுகிறேன், ஏற்றத்தாழ்வு என்று நீங்கள் எழுதுகிறீர்களே, அது என் வீட்டில் இப்படித்தான் இருக்கிறது ஐயா.

கட்டுரையின் தொடக்கத்தில் 2022 உலக ஏற்றத்தாழ்வு அறிக்கையிலிருந்து கணக்குச் சொல்லியிருந்தார்கள். மேலே இருக்கும் 10 சதவீதத்தினரிடம் உலகச் சொத்தில் 76 சதவீதம், கீழ்ப் பாதிக்கு வெறும் 2 சதவீதம் என்று. சரி, அந்த 76-ஐ உங்கள் வாசகரால் தனியாக அசைக்க முடியாது. ஆனால் அவர் வீட்டுக்குள் அவர்தான் முதலாளி. அங்கே கூலியும் விடுமுறையும் அவர் கையில்தான் இருக்கின்றன. அவரால் நிச்சயமாக முடியக்கூடிய இந்த ஒன்றைச் சொல்லாமல், பழைய துணி கொடுங்கள், அன்பாகப் பேசுங்கள் என்று முடித்துவிட்டார்கள். பொத்தான் போன சட்டைகள் எங்களிடம் நிறையச் சேர்ந்துவிட்டன. அன்பு காட்டுகிறவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை, ஆனால் மனம் மாறினால் அதுவும் நின்றுபோகும், அதை நம்பிப் பிள்ளையைப் படிக்க வைக்க முடியாது.

இது முதல் தடவையாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். முன்பு ஒரு முறை உங்கள் இதழில் வீட்டுக் குறிப்புகள் பக்கத்தில், வேலைக்கு வருகிறவர்கள் கிளம்பும்போது பையைப் பார்த்து அனுப்புங்கள் என்று வந்தது. ஒரு வீட்டில் தோடு காணோம் என்று என் பையைக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் கொட்டினார்கள். மறுநாள் தோடு துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் கிடந்தது. கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னார்கள். இதையெல்லாம் அப்போதே உங்களுக்கு எழுதினேன், வரவில்லை. மகளிர் தினச் சிறப்பிதழ் வருடாவருடம் வருகிறது, வீட்டையும் வேலையையும் ஒன்றாகச் சமாளிக்கும் பெண்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். அவர்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் வீட்டைப் பார்த்துக்கொள்வது யார் என்று அந்தப் பக்கங்களில் ஒரு வரி இருந்ததில்லை.

2011 ஜூன் 16 அன்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு எங்களைப் போன்றவர்களுக்காகவே 189-ஆம் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது, 2013-இல் அது நடைமுறைக்கு வந்தது. உங்களுக்குத் தெரியாததா? எனக்குத்தான் எங்கள் சங்கக் கூட்டத்தில் ஒரு தோழர் படித்துக் காட்டிய பிறகு தெரிந்தது. வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேரமாவது ஓய்வு, மாதம் ஒரு முறையாவது தவறாமல் கூலி, என்ன வேலை, எத்தனை மணி நேரம், என்ன சம்பளம் என்று முடிந்தவரை எழுத்தில் ஒப்பந்தம் என்றெல்லாம் அதில் இருக்கிறது. உலகம் முழுக்க ஏழரைக் கோடிக்கு மேல் வீட்டுப் பணியாளர்கள் இருக்கிறோம் என்று அதே அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. முக்கால்வாசிப் பேர் பெண்கள். ஐந்தில் நான்கு பேர் முறைசாரா வேலையில்தான் இருக்கிறோம், சட்டப் பாதுகாப்பு எங்களுக்குச் சரியாகக் கிடைப்பதில்லை. இத்தனை பேருக்கு எத்தனை வீடு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருவர் மாதம் பிறந்ததும் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார், அல்லது நாளைக்குப் பார்க்கலாம் என்கிறார். கட்டுரையாளர் தேடும் அந்த அன்றாடச் செயல் அங்கேதான் இருக்கிறது. சட்டம் வரட்டும், வரவேண்டும், ஆனால் சம்பளத்தை நாளோடு கொடுப்பதற்கு யாரும் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த உடன்படிக்கையில் உள்ள முக்கியமானவற்றை எளிய தமிழில் அரைப் பக்கம் போடுங்கள், கிழித்துக் கையில் வைத்துக்கொள்ளும்படி கட்டம் கட்டி, எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். நான் சொன்னால் எதிர்த்துப் பேசுகிறாள் என்பார்கள், உங்கள் இதழில் வந்தால் படிப்பார்கள்.

கடிதத்தைப் போட்டால் என் பெயரும் ஊரும் வேண்டாம். நான் வேலை பார்க்கும் வீட்டிலும் உங்கள் இதழ்தான் வாங்குகிறார்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி