வாரக் கணக்கில் பெருக்கும் கழுத்துக் கட்டி

ஆசிரியருக்கு வணக்கம்.

தைராய்டு கட்டிகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை என்று சென்ற இதழின் மருத்துவப் பகுதியில் படித்தேன். சரிதான். ஆனால் ரத்தச் சோதனையில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவு சரியாக இருந்தால் கவலை வேண்டாம் என்ற வரியைத் திருத்தி வெளியிட வேண்டுகிறேன். சுரப்பி எவ்வளவு வேலை செய்கிறது என்பதைத்தான் அந்தச் சோதனை காட்டும். உள்ளே புற்று இருக்கிறதா என்பது அதில் தெரியாது.

மிக வேகமாகப் பெருக்கும் அனாபிளாஸ்டிக் வகை, தைராய்டு புற்றுகளில் 1 முதல் 2 சதவீதம்தான். பெரும்பாலும் 60 வயதைக் கடந்தவர்களுக்கே வரும். பல வருடமாகச் சும்மா கிடந்த கட்டிகூட சில வாரங்களில் பெருத்துக் கல் போல இறுகிவிடும். குரல் கம்மும், சோறு இறங்காது, மூச்சு இழுக்கும்போது சத்தம் வரும். கண்டுபிடிக்கும் அன்றே அதை நான்காம் நிலை என்றுதான் வகைப்படுத்துகிறார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் பார்க்கலாம் என்பது இங்கே கொடுமை.

மெல்லிய ஊசிச் சோதனையும் இதில் அடிக்கடி கைவிடும். கட்டியின் நடுப்பகுதி அழுகியிருப்பதால் ஸ்லைடில் செத்த செல்களே வரும். ‘போதிய செல்கள் இல்லை’ என்ற அறிக்கைக்குப் புற்று இல்லை என்று பொருள் கிடையாது. அல்ட்ராசவுண்டில் பார்த்து, உயிருள்ள ஓரப்பகுதியிலிருந்து 18 கேஜ் என்ற சற்றுத் தடித்த ஊசியால் கோர் பயாப்சி (சதைத் துண்டு) எடுக்க வேண்டும்.

எல்லாத் துண்டுகளையும் ஃபார்மலினில் (சதையைப் பதப்படுத்தும் திரவம்) போட்டுவிடுவது இன்னொரு தவறு. இதே வேகத்தில் வளரும் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்று, பெரும்பாலும் ஹாஷிமோட்டோ நோய் (உடலின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்குவது) உள்ள சுரப்பியில் வருவது, வெளிப்பார்வைக்கு இதைப் போலவே இருக்கும். அதற்குப் பெரும்பாலும் பெரிய அறுவை தேவையில்லை, மருந்துக்கே நன்றாகக் கரையும். அதைப் பிரித்தறிய உதவும், செல்களை வகை பிரித்துக் காட்டும் ஃப்ளோ சைட்டோமெட்ரி சோதனைக்கு ஃபார்மலின் படாத துண்டு வேண்டும்.

அனாபிளாஸ்டிக் என்று தெரிந்தால் அன்றே பிராஃப் வி600இ என்ற மரபணு மாற்றத்துக்கான இம்யூனோ சாயச் சோதனையைக் கேளுங்கள். அது ஓரிரு நாளில் முடியும், முழு மரபணு வரிசை அறிக்கை வரச் சில வாரங்கள் ஆகலாம். மாற்றம் இருந்தால் அதைக் குறிவைக்கும் டாப்ராஃபெனிப், டிராமெட்டினிப் மருந்துகள் உண்டு. அமெரிக்காவில் 2018இல் இவற்றுக்கு அனுமதி கிடைத்தது.

மெடுல்லரி என்ற இன்னொரு வகை தைராய்டு புற்று சந்தேகம் என்றால் ரத்தத்தில் கால்சிடோனின் ஹார்மோன் அளவு பார்க்க வேண்டும். சிலருக்கு அதோடு சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியிலும் கட்டி இருக்கும்; அறுவைக்கு முன் அது இல்லை என்று உறுதி செய்யாவிட்டால், மேசையிலேயே ரத்த அழுத்தம் எகிறக்கூடும்.

பயாப்சி அனுப்பும் மருத்துவர்களுக்கு ஒன்று. படிவத்தில் ‘கழுத்துக் கட்டி’ என்று மட்டும் எழுதாதீர்கள். அனாபிளாஸ்டிக் புற்றில், தைராய்டு செல்லைக் காட்டிக்கொடுக்கும் தைரோகுளோபுலின் சாயம் பெரும்பாலும் ஏறாது. எத்தனை வாரத்தில் எவ்வளவு வளர்ந்தது என்று தெரியாவிட்டால் சர்கோமா (தசை, கொழுப்பு போன்ற திசுக்களின் புற்று) என்றே தோன்றும், தைராய்டில் பிறந்ததா என்று கண்டறிய உதவும் பேக்ஸ்8 சோதனை யாருக்கும் நினைவுக்கு வராமல் போகும்.

இப்படிக்கு,
நோய்க்கூறியல் மருத்துவர் ஒருவர்